துணையை இழந்த முதியவருக்கு இருப்பது துக்கமா, மனச்சோர்வா?

அம்மா போய் 5 மாதமாகிறது, அப்பா இன்னும் தேறவில்லை, வயதுக்கு இது இயல்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அழுவதும் ஏங்குவதும் இயல்பு. துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரன் பேச்சுக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி அநேகமாக இருக்காது. 2 வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், ‘நான் யாருக்கும் பாரம்’ என்ற பேச்சோடு இருந்தால் சும்மா விடாதீர்கள்.

முதியவர்கள் பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லவே மாட்டார்கள். முதுகுவலி, விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு, இடுப்பில் நிற்காத பேன்ட் என்றுதான் வெளிப்படும். மறதிகூட வரும், வீட்டார் டிமென்ஷியா (மறதிநோய்) என்று பயந்துவிடுவார்கள். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைபாடும் இதேபோலக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். அப்புறம் மனநல மருத்துவர். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகள் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவைக் குறைக்கும். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘நானும் அவளோடு போயிருக்கலாம்’ என்றால் பேச்சை மாற்றாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.