அப்பாவின் கம்பு ஏன் வளைகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, சிலம்ப வாத்தியார். காசிமேட்டில் ராத்திரி கொட்டகையில் ட்யூப் லைட் போட்டுத்தான் பயிற்சி. அவர் ஆட்டத்தைப் போனில் பிடித்து வைக்க ஆசை. எடுத்தால் கம்பு வில் மாதிரி வளைகிறது, திரையில் கறுப்புப் பட்டை ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: போன் கேமரா காட்சியை ஒரே மூச்சில் பார்ப்பதில்லை, வரி வரியாகப் படிக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வருவதற்குள் கம்பு இடம் மாறிவிடும். அதுதான் அந்த வளைவு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தைக் குறைத்தால், கம்பு தெளியுமே தவிர, வளைவு போகாது. நொடிக்கு 240 ஃபிரேம் (படம்) எடுக்கும் ஸ்லோ மோஷனில் எடுங்கள். நொடியில் 240-ல் ஒரு பங்குக்குள் ஒவ்வொரு ஃபிரேமையும் படித்து முடித்தாக வேண்டும் என்பதால் வளைவு நன்றாகக் குறையும்.

ஆனால் அதைக் கொட்டகையில் எடுக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். பட்டை வருவது அதனால்தான். ராத்திரிக்கு ப்ரோ மோடில் (கேமரா அளவுகளை நாமே மாற்றும் வசதி) ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி, நொடிக்கு 25 ஃபிரேம் போதும். ஸ்லோ மோஷனுக்குக் காலை வெயில். உங்கள் பக்கம் சூரியன் கடலிலிருந்துதானே எழும்புகிறது? அப்பா கடலைப் பார்த்து நிற்கட்டும், நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

போட்டோவுக்கு 1/1000 வைத்தால் கம்பு அசையாமல் நிற்கும். சும்மா கம்பு பிடித்து நிற்கிற ஆளாகத் தெரிவார். 1/30 வைத்தால் முகம் ஓரளவு நிற்கும், கம்பு விசிறியாக விரியும். எனக்கு இதுதான் பிடிக்கும், வீச்சு இதில்தான் இருக்கிறது.

1880-களில் பிரான்சில் எத்தியென் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர், ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைப் பட்டை ஒட்டி நடக்கவிட்டார். அந்த நடை முழுவதையும் ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதித்தார். நீங்களும் கம்பின் இரு முனையிலும் வெள்ளை பிளாஸ்டர் சுற்றுங்கள். பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, போன் ஸ்டாண்டில், ஷட்டர் 2 நொடி. சிக்குக் கோலம் மாதிரி அவர் கை போன வழி படத்தில் விழும்.

அப்புறம், முழு உருவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மணிக்கட்டைத் தனியாக எடுங்கள், கால் வைப்பைத் தரையோடு வைத்து எடுங்கள். நாளைக்குக் கற்கிறவருக்கு வேண்டியது அந்த இரண்டும்தான். நடுவில் அவர் கம்பை ஊன்றி மூச்சு வாங்கினால் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டாம். 71 வயது உடம்பு எங்கே நின்று, எப்படி மறுபடி எடுக்கிறது என்பதும் பதிவாகட்டும்.

எடுத்ததை வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பி அதையே வைத்துக்கொள்ளாதீர்கள், தரம் குறைந்துவிடும். அசல் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியும், அன்று அவர் ஆடிய வரிசையின் பெயரும் இருக்கட்டும். அந்தப் பெயரை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.