நிக்கல் பூசிய பழைய ரிவால்வர்: 1,100 டாலர் தரலாமா?

கேள்வி: டெக்சஸ் பிளேனோவில் இருக்கிறேன், கிரீன்கார்டு உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான தன் அண்ணனின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரை விற்கப்போகிறார். மாடல் 19-3, 4 அங்குல பேரல், நிக்கல் முலாம். அண்ணன் 1974-இல் புதிதாக வாங்கியது என்கிறார். இப்போது கைப்பிடியில் ரப்பர் கிரிப் போட்டிருக்கிறது. பழைய மரக் கிரிப் அலமாரியில் இருக்கிறதாம். பெட்டி இல்லை. 1,100 டாலர் கேட்கிறார். எப்போதாவது சுடவும், சேகரிப்பாக வைத்துக்கொள்ளவும் எண்ணம். விலை சரிதானா?

பதில்: அந்த நிக்கல் தொழிற்சாலையிலேயே பூசியதென்றால் 1,100 என்பது உட்கார்ந்து பேசக்கூடிய விலை. பின்னால் யாரோ பூசியதென்றால் நானாக இருந்தால் 700-ஐத் தாண்ட மாட்டேன். மற்றதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான்.

மாடல் 19 நல்ல பேர் எடுத்த துப்பாக்கி. அமெரிக்க எல்லைக் காவல்படையின் பில் ஜோர்டான் வற்புறுத்தியதன் பேரில், அளவில் சிறிய ‘கே’ ரக பிரேமில், அதாவது துப்பாக்கியின் இரும்பு உடலில், .357 மேக்னம் தோட்டாவைச் சுடும்படி 1955-இல் ‘காம்பேட் மேக்னம்’ என்ற பெயரில் வந்தது. மாடல் எண் 1957-இல்தான் சேர்ந்தது. 19-3 என்பது 1967 முதல் 1977 வரை வந்த வடிவம், ஆகவே 1974 என்ற கணக்கு பொருந்துகிறது. ஆனால் இது அரிய பொருள் அல்ல, ஏராளமாக விற்றது. இதில் விலையைத் தூக்குவது அசல் நிலை மட்டும்தான். அதனால்தான் முலாமைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெரியவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அண்ணன் நடுவில் ஒருநாள் முலாம் கடைக்குக் கொண்டுபோனது தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நேரில் போகும்போது ஒரு நல்ல டார்ச்சும், பூதக்கண்ணாடியும் கொண்டுபோங்கள். முதலில் தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று நீங்களே பாருங்கள். “லோடு பண்ணவில்லை” என்று அவர் சொன்னாலும் பாருங்கள். பிறகு தோட்டாவைத் தட்டும் ஹேமரையும், விரலால் இழுக்கும் ட்ரிகரையும் கவனியுங்கள். அந்தக் காலத்து நிக்கல் துப்பாக்கியிலும் தொழிற்சாலை இவை இரண்டுக்கும் முலாம் பூசவில்லை. சூட்டில் பதப்படுத்திய உலோகத்துக்கே உரிய பழுப்பும் நீலமும் சாம்பலும் கலந்த திட்டுத்திட்டான நிறம் அவற்றில் தெரிய வேண்டும். பின்பக்கக் குறிகாட்டியும் கறுப்பாகத்தான் இருக்கும். ஹேமர், ட்ரிகர், குறிகாட்டி எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னினால் அது வெளியே செய்த வேலை என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

அப்புறம் எழுத்துகள். பேரலின் பக்கங்களிலும் பிரேமின் வலப்பக்கத்திலும் பொறித்திருக்கும் எழுத்துகளின் ஓரம் நகத்தால் தடவினால் தட்டுப்படும்படி கூர்மையாக இருக்க வேண்டும். மறுமுலாமுக்கு முன்னால் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார்கள். எழுத்து மழுங்கும், ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு குழிந்துபோகும். பிரேமின் வலப்பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு மூடிய தகடு ஒன்று உண்டு. அசலில் அந்த இணைப்புக் கோடு தேடினால்தான் தெரியும். தேய்த்ததில் அது பளிச்சென்று கண்ணில் படும். ஸ்க்ரூ தலைகள் பிய்ந்திருந்தால் வீட்டு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிரிப்பைக் கழற்ற அனுமதி கேளுங்கள். கழற்றினால் இரும்புச் சட்டத்தில் ஆங்கில ‘என்’ எழுத்து ஒன்று குத்தியிருக்கலாம். தொழிற்சாலை நிக்கலுக்கு அது நல்ல சாட்சி. கைப்பிடியின் அடியில் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் துப்பாக்கி ஒருமுறை தொழிற்சாலைக்கே திரும்பிப்போய் வேலை பார்க்கப்பட்டிருக்கிறது. அது கெட்ட செய்தி அல்ல, வெளியே பூசியதைவிட மேல். ஆனால் அசல் என்ற விலையும் கேட்க முடியாது.

சீரியல் எண்ணைக் குறிக்கும்போது ஒரு குழப்பம் வரும். சிலிண்டரை வெளியே தள்ளினால், அதைத் தாங்கும் உலோகக் கைக்கு எதிரே பிரேமில் ‘மாடல் 19-3’ என்றும், கூடவே வேறொரு எண்ணும் தெரியும். அது பாகங்களை இணைக்கும்போது போட்ட எண்ணாக இருக்கலாம். உண்மையான எண் கைப்பிடியின் அடியில், ‘கே’ எழுத்தோடு இருக்கும். தேதி பார்க்கவும், திருட்டுப் பொருளா என்று விசாரிக்கவும் அதுதான் வேண்டும்.

இன்னொன்று, இந்தக் காலத்து மாடல் 19-இல் பேரல் பிரேமில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன முள்ளாணி அடித்திருக்கும். சிலிண்டரின் பின்பக்கம் தோட்டாவின் விளிம்பு உள்ளே அமுங்கி உட்காரும்படி அறைகள் குடைந்திருக்கும். 1982 வாக்கில் இரண்டையும் கம்பெனி நிறுத்திவிட்டது. சேகரிப்பவர்கள் இவை உள்ளதைத்தான் விரும்புகிறார்கள். உங்களுடையதில் முள்ளாணி இல்லையென்றால் பேரல் மாற்றியது. அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இயந்திர நிலைக்கு வருவோம். சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் செய்து பாருங்கள். ஒன்று பிந்தினாலும் செலவு இருக்கிறது. ஹேமர் நின்ற நிலையில் கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள், விழக் கூடாது. விழுந்தால் யாரோ ட்ரிகரை இளக்குவதற்காக அரத்தால் ராவியிருக்கிறார்கள், வாங்காதீர்கள். சிலிண்டரை மூடி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்தால் சரியில்லை. சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா ரிவால்வரிலும் வரும், அதைக் காட்டி விலை குறைக்காதீர்கள்.

மாடல் 19-க்கென்றே ஒரு பலவீனம் உண்டு. பிரேம் சிறியதாக இருப்பதால், பேரலின் பின்முனை அடிப்பக்கத்தில் கொஞ்சம் தட்டையாகச் சீவியிருக்கும். இரும்பு மெலிந்த அந்த இடத்தில், 125 கிரெயின் எடையுள்ள வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் விரிசல் விழும். டார்ச் வெளிச்சத்தில் ஆறு மணி முள் காட்டும் திசையில் பாருங்கள். விரிசல் இருந்தால் மாற்ற அந்தக் காலத்துப் பேரல் தேடி அலைய வேண்டியிருக்கும், முலாம் எவ்வளவு அசலாக இருந்தாலும் சரி. வாங்கிய பிறகு நீங்களும், இதே துப்பாக்கியில் போடக்கூடிய, மேக்னத்தைவிட வேகம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவே சுடுங்கள். கையும் வலிக்காது.

மரக் கிரிப்பை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூவைச் சுற்றி வைர வடிவில் செதுக்காத கட்டம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வைரம் 1968 வாக்கில் போய்விட்டது. 1974 துப்பாக்கியில் அது இருந்தால் கிரிப் வேறொன்றிலிருந்து வந்தது. வருத்தப்பட வேண்டாம், வைரக் கிரிப்புக்குத் தனியாகவே ஆள் இருக்கிறார்கள். பெட்டி இல்லாததற்குக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், நிறைய அல்ல.

விலை ஒப்பிட கன்புரோக்கர் என்ற இணையத் துப்பாக்கி ஏலத் தளத்தில் விற்று முடிந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். இன்னும் விற்காமல் தொங்கும் விளம்பரங்களில் இருப்பது விற்பவரின் ஆசை. அதே 19-3, அதே 4 அங்குலம், அதே நிக்கல், இந்த மூன்றும் பொருந்துவதை எடுங்கள். முலாமில் சந்தேகம் தீரவே இல்லையென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் சீரியல் எண்ணைக் கொடுத்துக் கடிதம் வாங்கலாம். எந்தப் பூச்சோடு, எப்போது, எங்கே அனுப்பினார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். பெரியவர் அவசரப்படாதவர் என்றால் கடிதச் செலவைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. கிரீன்கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடை இல்லை. இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்கள் கவனிக்கவும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் விசாவில் துப்பாக்கி கையில் வைத்திருப்பதே மத்தியக் குற்றம். வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். நீங்களும் விற்பவரும் டெக்சஸ்வாசிகளே என்பதால் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ள முடியும். இருந்தாலும் உள்ளூர் லைசென்ஸ் டீலர் ஒருவர் வழியாக எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவரின் பொருள் என்பதால் விற்கும் உரிமை தம்பியிடம் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருக்கலாம்.