சுக்கினி நூடுல்ஸ் தண்ணீர் விடுகிறதே?

கேள்வி: ஸ்பைரலைசர் கருவியில், வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினியையும் கேரட்டையும் நூலாகச் சீவி, கறிமசாலாத் தூள் போட்டு வதக்கினேன். வாணலியில் தண்ணீர் தேங்கி, நூடுல்ஸ் குழைந்துவிட்டது. மசாலாவும் பச்சை வாசனை அடித்தது. என்ன தவறு?

பதில்: சுக்கினியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நடுவிலுள்ள விதைப்பகுதி பஞ்சு போலிருக்கும். அதைச் சேர்க்காதீர்கள், சாம்பாருக்கு ஆகும். இருவருக்கு 400 கிராம் சுக்கினி போதும். சீவிய நூலில் அரை டீஸ்பூன் உப்பைப் பிசிறி, 15 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் சுற்றி, நூல் அறுந்துபோகாமல் மெதுவாகப் பிழியுங்கள். அரை டம்ளர் வரைகூடத் தண்ணீர் இறங்கும்!

பச்சை வாசனைக்குக் காரணம், ஈரக் காயின் மேல் தூளைத் தூவியதுதான். தூள் எண்ணெயில் பொரிய வேண்டும். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு வதங்கியதும் தீயைக் குறைத்து, ஒன்றரை டீஸ்பூன் கறிமசாலாத் தூள் சேர்த்து அரை நிமிடம் கிளறுங்கள். ஓரத்தில் எண்ணெய் சிவந்து பிரியும். அடிப்பிடித்தால் 2 டேபிள்ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுண்டவிடுங்கள்.

இனி தீ முழுவதும் பெரிதாகவே இருக்கட்டும். முதலில் கேரட், 2 நிமிடம். பிறகு சுக்கினி, அதற்கும் 2 நிமிடம் போதும். மூடவே கூடாது, ஆவி திரும்பித் தண்ணீராகும். கரண்டியால் கிண்டாமல் இரண்டு முள்கரண்டியால் தூக்கிப் புரட்டுங்கள். வாணலி அகலமாக இல்லையென்றால் இரண்டு தடவையாக வதக்குவதே நல்லது.

காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும். ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு போடுங்கள்.