ராணுவத்தில் பிளாஸ்டிக் சர்ஜன்: 14 ஆண்டா, 20 ஆண்டா?

கேள்வி: எனக்கு 25 வயது. எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன் பயிற்சி இரண்டும் முடிந்தன. கல்விக் கடன் 14 லட்சம் நிற்கிறது. ராணுவ மருத்துவப் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் (குறுகிய கால அதிகாரிப் பணி) சேர்ந்து, அங்கேயே படித்து பிளாஸ்டிக் சர்ஜன் ஆக ஆசை. அப்பா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். பணக் கணக்கு சரிவருமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கடனைப் பற்றிக் கவலை வேண்டாம். கேப்டனாகச் சேர்வீர்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500, வெளியே பிராக்டிஸ் செய்யாததற்கான என்.பி.ஏ. 12,260. ஆக 89,060. அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி. 14 லட்சத்தை 10% வட்டியில் 5 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 29,750 போதும். முதல் ஒப்பந்தமும் 5 ஆண்டுதான், அதற்குள் கடன் தீர்ந்துவிடும். வங்கி தரும் தவணை விடுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வட்டி அப்போதும் ஏறும். கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு என்பதால் இரண்டு முறையிலும் வரியைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இடிப்பது வயதுக் கணக்கில்தான். சேர்ந்ததும் அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். கிடைத்துவிடாது. முதலில் சில ஆண்டுகள் படைப்பிரிவிலும் கள மருத்துவமனையிலும் பணி. பிறகு மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதி, புனே ஏ.எஃப்.எம்.சி. போன்ற ராணுவக் கல்வி நிலையங்களில் சேவையில் உள்ளவர்களுக்கான முன்னுரிமையில் பொது அறுவை சிகிச்சை 3 ஆண்டு. படிக்கும்போதும் முழுச் சம்பளம் வரும், இது பெரிய வரம். அப்புறம் சர்ஜனாகச் சில ஆண்டுகள், அதன் மேல் பிளாஸ்டிக் சர்ஜரி உயர்படிப்பான எம்.சிஹெச். 3 ஆண்டு. எல்லாம் கைகூடினாலும் உங்களுக்கு 38 வயதை நெருங்கிவிடும். ஷார்ட் சர்வீஸ் என்பது 5 ஆண்டும், நீட்டிப்பாக 5, 4 என 9 ஆண்டும் சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டு. அதாவது படித்து முடிக்கிற வேளையில் வெளியேறும் தேதியும் வந்து நிற்கும். மீதிச் சேவைக் காலம் போதவில்லை என்றால் உயர்படிப்புக்கு அனுப்புவதே சந்தேகம்.

14 ஆண்டில் வெளியேறினால் பென்ஷன் கிடையாது. ஒவ்வோர் அரையாண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடை மட்டும் வரும். பெர்மனென்ட் கமிஷனுக்கு (நிரந்தர அதிகாரிப் பணி) மாறி 20 ஆண்டு முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். லெப்டினன்ட் கர்னலின் தொடக்கச் சம்பளத்தை மட்டும் எடுத்தாலும் 1,21,200 + 15,500 + என்.பி.ஏ. 24,240 = 1,60,940. அதில் பாதி 80,470, அதற்கு மேல் அகவிலை நிவாரணம். ஆகவே சேர்ந்த நாளிலிருந்தே பெர்மனென்ட் கமிஷனுக்கான தகுதித் தேதியைக் குறித்து வைத்து, முதல் வாய்ப்பிலேயே விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்கள் வயதுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு நேரடியாக, எம்.சிஹெச்.சுக்கு இணையான 6 ஆண்டு டி.ஆர்.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கலாம், அதற்கும் நீட் பி.ஜி.தான். 32 வயதுக்குள் முடித்துவிட்டால், மேற்படிப்பு முடித்தவர்களுக்கான ஷார்ட் சர்வீஸ் வயது வரம்பான 35-க்குள் நிபுணராகவே சேரலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் என்றால் வரம்பு 30. பயிற்சிக் கால உதவித்தொகையிலிருந்து மாத வட்டி 11,700-ஐயாவது கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடன் வட்டிக்கு வட்டியாக வளரும். ஆனால் 32-க்கு மேல் சேர்ந்தால் பெர்மனென்ட் கமிஷனின் வயது வரம்பு இடிக்கலாம், பென்ஷனை நம்பி இறங்கக் கூடாது. இந்த முறை நல்ல ரேங்க் வந்தால் டி.ஆர்.என்.பி. அல்லது அரசுக் கல்லூரி எம்.எஸ். எடுங்கள். வராவிட்டால் ராணுவத்தில் இப்போதே சேருங்கள்.

வருமானத்தில் ஒளிந்திருக்கும் இழப்பையும் சொல்ல வேண்டும். வெளியில் பிளாஸ்டிக் சர்ஜன்களுக்குப் பணம் வருவது பெரும்பாலும் அழகு சிகிச்சையில். ராணுவத்தில் தீக்காயம், குண்டில் சிதறிய கை, தாடை ஆகியவற்றுக்குத் தொடையிலிருந்து சதையை எடுத்து ரத்தக்குழாயோடு இணைக்கும் வேலை. ஒரு மில்லிமீட்டர் குழாயை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய 10-0 நூலால் தைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்தில் இரண்டு ஆண்டு இருந்தால் கை மறக்கும், விடுப்பில் பயிற்சிப் பட்டறைக்குப் போகப் பணம் ஒதுக்குங்கள். கை அறுவை, மைக்ரோ சர்ஜரி தெரிந்தவர்களுக்கு வெளியிலும் கிராக்கி உண்டு, முடி நடுவது போன்றவற்றைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

சேமிப்புக்கு ராணுவ அதிகாரிகளின் வருங்கால வைப்பு நிதியான டி.எஸ்.ஓ.பி. இருக்கிறது. உங்கள் விரல்கள்தான் உங்கள் சொத்து என்பதால் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுங்கள். ஆனால் அத்தகைய பாலிசிகளில் போர்க் காயம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும், அந்தப் பத்தியைப் படித்த பிறகே பிரீமியம் கட்டுங்கள். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கு ராணுவ மருத்துவமனைச் சலுகை கிடைக்க வருமான வரம்பு இருக்கிறது, பென்ஷன் அதைத் தாண்டினால் சலுகை இல்லை.