கேள்வி-பதில்: பிரசங்க மேடையும் தேசபக்தியும்

கேள்வி: கிறிஸ்தவப் பிரசங்கிகள் தேசபக்தியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை, தேர்தல் வந்தால் மட்டும் அரசியல் பேசுகிறார்கள். இது முறையா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் கேள்வியின் முன்பாதி தவறு, பின்பாதியில் பாதி சரி.

ஆள்வோருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலேயே இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் ஆங்கிலிகன் ஆலயங்களில் இங்கிலாந்து மன்னருக்காக ஏறெடுக்கப்பட்ட அந்த ஜெபம், இன்று நம் நாட்டை ஆள்பவர்களுக்காக ஏறெடுக்கப்படுகிறது. ஆகவே ஆட்சியாளரை வாழ்த்துவதுதான் தேசபக்தி என்றால், எந்தக் கொடி பறந்தாலும் பிரசங்க மேடை அதில் தேறிவிடும். எனக்கு அந்த அளவுகோலின் மீதே நம்பிக்கை இல்லை.

அதற்கான காரணம் உங்களுக்கு அருகிலேயே, புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிறது. இன்று சம்பா கோவில் எனப்படும் மாதா பேராலயத்தை ஒட்டி அன்றிருந்த வேதபுரீசுவரர் கோயில், 1748இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் ஆட்சியில், சேசு சபைக் குருமார்கள் விரும்பியபடியே இடிக்கப்பட்டதை, அவருடைய துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அக்குருமார்களின் பிரெஞ்சு தேசபக்தியில் யாரும் குறை காண முடியாது! மாறாக, தஞ்சாவூரில் 1892இல் பிறந்த கிறிஸ்தவரும் காந்தியப் பொருளியலாளருமான ஜே.சி. குமரப்பா, சத்தியாக்கிரகிகள் அடிபடும்போது மௌனம் காத்த மிஷனரிகளைக் கிறிஸ்துவின் பெயராலேயே கேள்வி கேட்டார், சிறைக்கும் போனார். அன்று நாட்டை ஆண்ட வெள்ளையர்களுக்கு அவர் தேசபக்தராகத் தெரியவில்லை.

இனி, நீங்கள் சொன்னதில் சரியான பாதி. சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஓர் எழுப்புதல் கூட்டத்தில், கரை வேட்டி கட்டிய வேட்பாளர் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மேடைக்கு அழைக்கப்பட்டார். "ஐயாவுக்காக ஒரு நிமிடம் ஜெபிப்போம்" என்றதும் கூட்டமே கண்ணை மூடியது, புகைப்படக்காரரைத் தவிர. வேட்பாளரோ அவருடைய இசைவு பெற்றவரோ மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தேர்தல் முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சுட்டிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லிவிட்டது. இராயனுக்குரியதை இராயனுக்குச் செலுத்தச் சொன்ன இயேசுவின் பெயரால் வாக்குச்சீட்டையும் சேர்த்து வாங்கித் தருவது ஊழியமல்ல, தரகு.

ஆனால் ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பகுதி ஏன் என்று கேட்கும் பிரசங்கத்தையும் அரசியல் என்று நீங்கள் ஒதுக்குவீர்களானால், அங்கே நான் உங்களோடு இல்லை. அப்படிப்பட்ட பிரசங்கங்கள் போதவில்லை என்பதே என் குறை.

கொடி விஷயத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால், வரும் ஆகஸ்ட் 15 அன்று காலையில் புதுச்சேரிப் பக்கம் வாருங்கள். மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அன்றுதான் என்பதால், பூசை முடிந்த கையோடு கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் பங்குகள் பல உண்டு.