ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள்: பைக் கேள்வி பதில்

திருச்சியில் ஒரு மைதானத்தில் பதினெட்டு வருடமாக விடிகாலையில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். கியர் வண்டி பழகுகிறவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், அறுபதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். லோன், இன்சூரன்ஸ் எல்லாம் எனக்குத் தெரியாத விஷயம்.

கரூரிலிருந்து, 42 வயது: எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது அக்கா. இந்த வயதில் பைக் பழக முடியுமா? வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

முடியும். சைக்கிள் தெரியாதவர்களை நான் நிறையப் பேரை ஏற்றி விட்டிருக்கிறேன். ஆனால் நேராக பைக்கில் ஏறாதீர்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளை வாங்கி, பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படும் அளவுக்கு சீட்டை இறக்குங்கள். லேசான சரிவுள்ள இடத்தில் காலால் உந்தி உந்திப் போங்கள். இரண்டு மூன்று நாளில் காலைத் தூக்கினாலும் சைக்கிள் நிற்காமல் போவது தெரியும். பேலன்ஸ் என்பது அவ்வளவுதான். அது வந்துவிட்டால் பைக்கில் பாதி வேலை முடிந்தது.

பைக்கில் முதல் நாள் இஞ்சினை ஆன் செய்யக் கூடாது. நியூட்ரலில் போட்டு, யாரையாவது பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளச் சொல்லி, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். மறுபடி தள்ளச் சொல்லுங்கள், மறுபடி நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் இது ஒன்றுதான். பலருக்கு இது பிடிக்காது, எப்போது ஓட்டுவது என்று கேட்பார்கள். நிறுத்தத் தெரியாதவர் கையில் நான் சாவியைக் கொடுப்பதில்லை.

அடுத்தது கிளட்ச், அதாவது இடது கை லீவர். சமதரையில் இஞ்சினை ஆன் செய்து, முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மிக மெதுவாக விடுங்கள். ஒரு இடத்தில் இஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம், ஹாஃப் கிளட்ச். ஒரு அடி நகர்ந்ததும் மறுபடி அழுத்திப் பிடியுங்கள். இதை ஐம்பது தடவை செய்யுங்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு டீச்சரம்மாவுக்கு முதல் நாள் மட்டும் முப்பது தடவைக்கு மேல் வண்டி ஆஃப் ஆனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்காம் நாள் கையைப் பார்க்காமலே அந்த இடத்தைப் பிடித்தார். இப்போது மணப்பாறைப் பக்கம் பள்ளிக்கு தினமும் பைக்கில்தான் போகிறார்.

மைதானம்தானே என்று ஹெல்மெட்டை வெறுமனே கவிழ்த்துக்கொள்ளாதீர்கள். நாடாவை மாட்டுங்கள். நாடா மாட்டாத ஹெல்மெட் நீங்கள் விழுவதற்கு முன்னாலேயே கழன்று போய்விடும்.

திண்டுக்கல் கல்லூரி மாணவர்: சிக்னலில் கிளப்பும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், இன்னும் பதறுகிறது.

கிளட்ச் பயிற்சியை மேலே சொல்லிவிட்டேன். அதோடு இரண்டு விஷயம். நிற்கும்போதே முதல் கியருக்கு வந்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். பலர் மூன்றாம் கியரில் நிறுத்தி, அதிலேயே கிளப்பப் பார்க்கிறார்கள். இன்னொன்று, கிளட்ச் லீவர் நுனியில் ஒரு விரல் கனத்துக்கு ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் நியூட்ரல் போட்டு, ஸ்டார்ட் செய்து, நிதானமாகக் கிளம்புங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஐந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பைக் ஒரே நாளில் வந்துவிடும்தானே?

உங்களைப் போன்றவர்களைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். ஐந்து வருடப் பழக்கத்தில், நாய் குறுக்கே வந்தால் இடது கை தானாக இறுக்கும். ஸ்கூட்டர் நிற்கும். பைக்கோ இஞ்சின் பிடிப்பும் விட்டுப்போய் இன்னும் தடையில்லாமல் உருளும். என் கண்ணெதிரே ஒரு பெண் இப்படித்தான் மைதானத்துச் சுவரில் போய் முட்டினார், இடது கை முழுதாக இறுகியிருந்தது, வலது கால் பிரேக்கின் மேல்கூட இல்லை. ஒரு வாரமாவது மைதானத்திலேயே, யாரையாவது திடீரென்று "நில்!" என்று கத்தச் சொல்லிப் பழகுங்கள்.

லைசென்ஸையும் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் வாங்கியிருந்தால் அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்ட முடியாது.

மூன்று பேர்: எந்த பைக் வாங்கலாம்?

பழகும்வரை வாங்காதீர்கள். இரவல் வண்டி, பழைய 100 சிசி வண்டி போதும். இரண்டு பாதத்தின் முன்பகுதியாவது தரையில் படவேண்டும், சாய்ந்தால் தாங்கும் எடையாக இருக்கவேண்டும்.

பெரம்பலூரிலிருந்து: அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட வேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது.

எட்டில் எல்லாரும் செய்யும் தப்பு, முன்சக்கரத்தையே பார்ப்பது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். வளைவுக்குள் நுழையும்போதே தலையைத் திருப்பி, அடுத்து போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், வலது பாதத்தால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே இருங்கள். வேகத்தை முழுக்க அந்தப் பாதமே பார்த்துக்கொள்ளும். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி அப்படியே சாயும். கோலப்பொடியால் வீட்டு வாசலிலேயே எட்டு வரைந்து பழகியவர்கள் என்னிடம் உண்டு.

எல்.எல்.ஆர்., அதாவது பழகுவதற்கான லைசென்ஸ், வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், ஆறு மாதம் வரை செல்லும். அவசரம் ஒன்றுமில்லை. தயாராக இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ஒரு அப்பா: பையனுக்கு பதினைந்து வயது. தெருவுக்குள் மட்டும் ஓட்டட்டுமா?

கூடாது. கியர் வண்டிக்கு வயது 18. பையன் மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது. தெருவில் விளையாடும் மற்ற பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

மெதுவாக அழுத்தினால் இல்லை. முன் பிரேக்தான் உங்கள் முக்கிய பிரேக். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னால் வந்து சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்கத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரைப் பறிக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர்: தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறாய் அம்மா. 1978 முதல் புல்லட் ஓட்டுகிறேன். முன் பிரேக்கைத் தொட்டதே இல்லை, ஒரு தடவைகூட விழுந்ததில்லை. புதியவர்களுக்கு இதைச் சொன்னால் பல்லை உடைத்துக்கொள்வார்கள்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள். நீங்கள் பழகிய காலத்தில் நீங்கள் சொல்வது சரிதான். அந்த வண்டிகளில் முன்னால் டிரம் பிரேக், கேபிளில் இழுபடும், லீவரை எவ்வளவு இறுக்கினாலும் பாதிதான் பிடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காலை நம்பித்தான் ஓட்ட முடியும். இன்றைய வண்டிகள் பலவற்றில் முன்னால் டிஸ்க் இருக்கிறது.

போன ஞாயிறு என் மாணவிகளை வைத்து மைதானத்தில் இதைச் செய்து பார்த்தோம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னேன். பின் பிரேக் மட்டும் பிடித்தபோது கோட்டிலிருந்து என் தப்படியில் 14. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது 8. அந்த ஆறு தப்படிக்குள் ஒரு குழந்தை நிற்கலாம் ஐயா.

அதே பெரியவர்: மைதானம் வேறு, ரோடு வேறு. ரோட்டில் மணல் இருக்கிறது. மணலில் முன் பிரேக் பிடித்துப் பார்.

மணலில் பிடிக்கக் கூடாது, அதை முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். லாரியிலிருந்து கொட்டின மணல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடு, சாணம், வண்டி சாய்ந்திருக்கும் வளைவு, இந்த இடங்களில் முன்சக்கரம் வழுக்கினால் காப்பாற்ற வழியில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்காக நல்ல தார் ரோட்டிலும் அதைத் தொடாமல் இருந்தால், ஒருநாள் பஸ் முன்னால் நிற்கும்போது கை அதைத் தேடவே தேடாது. பழகாத கை பயத்தில் பறிக்கும். முன் பிரேக்கால் விழுந்தவர்கள் பலரும் அதைப் பழகாமல், அன்றைக்கு முதல் தடவையாகப் பறித்தவர்கள்தான்.

ஓசூரிலிருந்து ஒருவர்: ஐயா சொல்வதுதான் சரி. என் மாமா முன் பிரேக் பிடித்துத்தான் கையை உடைத்துக்கொண்டார்.

எங்கே, எந்த வேகத்தில், நேராகப் போகும்போதா திரும்பும்போதா என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். திரும்பும்போது என்றால் நானும் ஐயாவும் ஒரே கட்சி.

மதுரையிலிருந்து: அப்படியென்றால் ஏ.பி.எஸ். இருந்தால் போதுமா?

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலான புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். விலை குறைந்த வண்டிகளில் ஒரே சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். அதற்குக் கீழான வண்டிகளில் பெரும்பாலும் சி.பி.எஸ்., அதாவது பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பெரியவர் இன்று ஒரு புது 100 சிசி வண்டியை வாங்கினால், காலால் மிதிக்கும்போதே முன் பிரேக்கையும் பிடித்துக்கொண்டிருப்பார். எது இருந்தாலும் மணலில் பிடிப்பு வராது.

கோவையிலிருந்து ஒரு இன்ஜினியர்: வேகத்தில் வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியைத் தள்ள வேண்டும் என்று படித்தேன். தலைகீழாக இருக்கிறதே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! உண்மைதான். உள்ளங்கையில் ஒரு குச்சியை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். அது வலது பக்கம் சாய வேண்டுமானால் கை ஒரு கணம் இடது பக்கம் போக வேண்டும். பைக்கிலும் அதேதான். வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் சக்கரம் கணநேரம் இடது பக்கம் விலகுகிறது, வண்டி வலது பக்கம் சாய்கிறது, சாய்ந்ததும் திரும்புகிறது. மெதுவாகப் போகும்போது இது வேலை செய்யாது, எட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஆள் இல்லாத நேர் ரோட்டில் 40-ல் போகும்போது உள்ளங்கையால் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவு போதும். சைக்கிள் ஓட்டுகிற எல்லாரும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். தெரிந்து செய்தால், குழியைக் கண்டதும் விலகுவது வேகமாக வரும்.

நாமக்கல்லிலிருந்து: எந்த பைக் வாங்கலாம் அக்கா?

மேலே இருக்கிறது.

சேலத்திலிருந்து: கிளட்ச் விட்டதும் ஆஃப் ஆகிறது, என்ன செய்ய?

இதுவும் மேலே இருக்கிறது. கேட்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள், நேரம் எடுத்து எழுதியது.

ஈரோட்டிலிருந்து: எல்.எல்.ஆர். வாங்கி பத்து நாள் ஆகிறது. மனைவியைப் பின்னால் ஏற்றலாமா?

கூடாது. எல்.எல்.ஆர். இருக்கும்போது சொல்லிக் கொடுப்பவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது சட்டம். லைசென்ஸ் வந்த பிறகும் ஒரு மாதம் தனியாக ஓட்டுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்கிற தூரம் மாறும், மெதுவாகத் திரும்பும்போது வண்டி எதிர்பாராமல் சாயும். அவர் சேலை கட்டுவார் என்றால் பின்சக்கரத்துக்கு சேலை கார்டு இருக்கிறதா, முந்தானை மடியில் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் நீங்களே இறங்கிப் பாருங்கள். அவருக்கும் ஹெல்மெட், அவருக்கும் நாடா.

விருதுநகரிலிருந்து: எந்த பைக்...

இந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை தம்பி.

கும்பகோணம் பெரியவர் மறுபடியும்: சாக்பீஸ் கோடு போட்டது எந்த டயரில்? புதுசா, தேய்ந்ததா?

பாதி தேய்ந்தது ஐயா, காற்று சரியாக இருந்தது. நல்ல கேள்வி. தேய்ந்த டயரிலும் அளந்து பார்த்து அடுத்த ஞாயிறு சொல்கிறேன். நீங்கள் திருச்சி வந்தால் நீங்களே கோடு போடுங்கள், நான் ஓட்டுகிறேன்.

அரியலூரிலிருந்து: பழக வரும்போது செருப்பு போதுமா, ஷூ வேண்டுமா?

ஷூ. பள்ளிக்கூட ஷூ போதும். கயிற்றின் முடிச்சை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், தொங்கினால் கியர் லீவரில் மாட்டும், நிற்கும்போது காலை ஊன்ற முடியாமல் போகும்.