ஒட்டிப்போன படங்களைப் பிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் கலைமன்றத்தின் வரலாற்றைத் தொகுக்கிறோம். பழைய நாடகப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, அழைப்பிதழ்களில் துருக்கறை. என்ன செய்யலாம்?
- வாசகர், திருகோணமலை

பதில்: இழுத்துப் பிரிக்காதீர்கள், படத்தின் முகப்பூச்சு உரிந்துவிடும். ஸ்டூடியோவில் கழுவிய பழைய படமென்றால் மேற்பூச்சு ஜெலட்டின், நீரில் ஊறினால் இளகும். முதலில் தெரிகிற பக்கங்களைப் படமெடுத்துவைத்து, காய்ச்சி வடித்த குளிர்ந்த நீரில் அரை மணிநேரம் ஊறவிடுங்கள். பெரும்பாலும் தானாக நழுவும். வலைத்துணியில் முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்ததையும் இங்க்ஜெட் பிரிண்டையும் நனைக்கவே கூடாது.

துருவுக்குக் காரணம் ஸ்டேப்ளர் கம்பியும் நம்மூர் உப்புக்காற்றும். கம்பியின் கால்களை நிமிர்த்திக் கழற்றி, பருத்தி நூலால் கட்டுங்கள். கறை போகாது, விட்டுவிடுங்கள். லாமினேட் மட்டும் வேண்டாம்! விபரங்களைப் பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் எழுதுங்கள். பெட்டிகளைத் திறந்து அடுக்குவதை வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரமான வாடைக்காற்றுக் காலத்தில் அல்ல.